கண் நிறைந்தும் கதை நிறையாத படத்துக்குக் கருத்து எழுதுவது எப்படி?

பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட மாயாஜாலப் படம் ஒன்றின் இரண்டாம் பாகம் வெளியாகும்போதெல்லாம், பார்த்தவர்கள் எழுதும் கருத்துகளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: காட்சிகள் பிரமாதம், கதைதான் இல்லை. அந்த வரி பொய்யல்ல. ஆனால் அதைப் படிப்பவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்தக் காட்சி எதனால் பிரமாதம், கதை எந்த இடத்தில் கைவிட்டது, கைவிட்ட பிறகும் நம்மை இருக்கையில் இருத்திவைத்தது எது என்பதையெல்லாம் சொன்னால்தான், காசு கொடுத்துப் போவதா வேண்டாமா என்று அவர் தீர்மானிக்க முடியும். நூற்றுக்கணக்கான கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒன்றை ஒற்றை வரியில் புகழ்வதும் ஒற்றை வரியில் ஒதுக்கித் தள்ளுவதும் அவர்களுக்குச் செய்யும் நியாயமும் ஆகாது.

அப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் பொறுப்போடு எழுத விரும்பும் பார்வையாளருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது என்பதால், ஒரே படத்தை எடுத்துக்கொண்டு அதைவைத்தே எல்லாவற்றையும் விளக்குகிறேன். அது 2016 மே மாதம் வெளியான 'ஆலிஸ் த்ரூ த லுக்கிங் கிளாஸ்'. டிம் பர்ட்டன் இயக்கி 2010இல் வந்த 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' படத்தின் தொடர்ச்சி. முதல் பாகம் உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததோடு, கலை இயக்கத்துக்கும் ஆடை வடிவமைப்புக்கும் ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. இரண்டாம் பாகத்தில் பர்ட்டன் தயாரிப்பாளராக மட்டும் இருக்க, ஜேம்ஸ் பாபின் இயக்கினார். திரைக்கதையை எழுதியவர் முதல் பாகத்தை எழுதிய அதே லிண்டா வூல்வர்டன். சுமார் 17 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட இந்தப் படம் ஏறத்தாழ 30 கோடி டாலர் வசூலோடு நின்றுபோனது. கதையை முடிவு வரை இங்கே பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் கதையைச் சொல்லிப் பாருங்கள்

எழுத உட்காருவதற்கு முன்னால், உடன் வந்தவரிடமோ வீட்டில் இருப்பவரிடமோ படத்தின் கதையை முதலிலிருந்து முடிவு வரை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர் இடைமறித்து "அவள் ஏன் அங்கே போனாள்?" என்று கேட்கும் இடங்களையும், நீங்களே தடுமாறி "அது சரியாக ஞாபகம் இல்லை, ஆனால் அந்த இடம் பார்க்க நன்றாக இருந்தது" என்று நழுவும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். திரைக்கதை இலக்கணம் எதுவும் படித்திராதவருக்கும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. ஒரு சம்பவம் அடுத்த சம்பவத்துக்குக் காரணமாக அமைந்திருந்தால் கதை தானாக வாயில் வரும். ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தால் வரிசையே மறந்துபோகும்.

நம் படத்தை இப்படிச் சொல்லிப் பார்ப்போம். கப்பல் தலைவியாகச் சீனா வரை போய்வந்த ஆலிஸ் லண்டன் திரும்புகிறாள். ஒருகாலத்தில் அவள் மணக்க மறுத்த ஹேமிஷ் இப்போது நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறான். தாய் குடியிருக்கும் வீடு வேண்டுமென்றால், தந்தை விட்டுச்சென்ற கப்பலை எழுதிக்கொடுக்க வேண்டும் என்கிறான். மனம் நொந்த ஆலிஸ், நீலப் பட்டாம்பூச்சியாக மாறிவிட்ட அப்சலம் வழிகாட்ட, ஒரு கண்ணாடிக்குள் நுழைந்து அண்டர்லேண்டு என்ற மாய உலகத்துக்குப் போகிறாள். அங்கே அவளுடைய நண்பரான தொப்பிக்காரர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். ஜாபர்வாக்கி என்ற கொடும் விலங்கின் தாக்குதலில் இறந்துபோனதாக எண்ணியிருந்த தன் குடும்பம் உயிரோடு இருக்கிறது என்று அவர் நம்புகிறார். ஆலிஸ் நம்ப மறுக்கிறாள். அதனால் அவர் நிலைமை இன்னும் மோசமாகிறது. அவரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், காலமே ஓர் அரசனாக உருவெடுத்து வாழும் கோட்டைக்குப் போய், கடந்த காலத்துக்குப் பயணம் செய்ய உதவும் க்ரோனோஸ்பியர் என்ற கோளத்தைத் திருடுகிறாள்.

இதுவரை எங்கும் தடுமாற்றம் இல்லை. இதற்குப் பிறகுதான் கதையின் பிடி தளர்கிறது. அவள் போய் இறங்குவது, முதல் பாகத்தின் வில்லியான சிவப்பு ராணியின் முடிசூட்டு நாளில். அங்கிருந்து, அந்த ராணியும் அவள் தங்கை வெள்ளை ராணியும் சிறுமிகளாக இருந்த இன்னொரு நாளுக்குப் போகிறாள். தின்பண்டத்தைத் தின்றுவிட்டுத் தங்கை பொய் சொல்ல, பழியைச் சுமந்த அக்கா வீட்டைவிட்டு ஓடி, விழுந்து தலையில் அடிபடுகிறாள். பிறகு ஆலிஸ் ஒரு கண்ணாடி வழியாக நிஜ உலகுக்கு வந்து மனநல விடுதியில் கண்விழிக்கிறாள். தப்பி மறுபடியும் அண்டர்லேண்டுக்குப் போகிறாள். கடைசியில் தாக்குதல் நடந்த நாளைப் பார்த்து, தொப்பிக்காரரின் குடும்பத்தைச் சிவப்பு ராணி சிறைபிடித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்கிறாள். இந்தப் பகுதியின் வரிசையை மாற்றிச் சொன்னாலும் கேட்பவர் கண்டுபிடிக்க மாட்டார். மனநல விடுதிப் பகுதியை முழுக்க வெட்டியெடுத்தாலும் முடிவில் எந்த மாற்றமும் வராது.

கருத்தில் எழுத வேண்டியது இதைத்தான். "கதை இல்லை" என்பதற்குப் பதிலாக, "நண்பரின் குடும்பத்தைத் தேடிப் புறப்பட்ட நாயகி, படத்தின் நடுப்பகுதி முழுவதும் வேறிரு சகோதரிகளின் பிள்ளைப்பருவச் சண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்" என்று எழுதினால், படிப்பவருக்குக் குறை எங்கே என்று விளங்கும். படத்தை ரசித்தவரும் அதை எடுத்துக்கொண்டு உங்களோடு வாதாட முடியும்.

அழகைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்

குறையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குச் செலவழிக்கும் உழைப்பில் பாதியைக்கூட நாம் பாராட்டுக்குச் செலவழிப்பதில்லை. "கிராஃபிக்ஸ் சூப்பர்", "கண்ணுக்கு விருந்து" என்று எழுதி முடித்துவிடுகிறோம். கிராஃபிக்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் அரங்க அமைப்பு, ஆடை, ஒப்பனை, ஒளி, கணினி உருவாக்கம் என ஐந்தாறு தனித்தனிக் கலைகளை அடைத்துவிடுவதால், யாருடைய வேலையைப் பாராட்டுகிறோம் என்பதே மறைந்துவிடுகிறது. படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பொறுமையாகப் பாருங்கள். இந்தப் படத்தின் தயாரிப்பு வடிவமைப்பு டேன் ஹென்னாவுடையது. ஆடைகள், முதல் பாகத்துக்காக ஆஸ்கர் வாங்கிய கொலீன் ஆட்வுட்டுடையவை. இசை டேனி எல்ஃப்மன். இந்தப் பெயர்களை உரிய இடத்தில் குறிப்பிடுவது, எழுதுபவர் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையைப் படிப்பவருக்குக் கொடுக்கும்.

அடுத்து, படம் முழுவதையும் புகழாமல், ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அதை அருகிலிருந்து எழுதுங்கள். நான் தேர்ந்தெடுப்பது காலத்தின் கோட்டையில் இருக்கும் கடியாரக் கூடம். அண்டர்லேண்டில் உயிரோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டைப்பைக் கடியாரம் அங்கே சங்கிலியில் தொங்குகிறது. எண்ணிலடங்காத கடியாரங்கள் உயரத்திலிருந்து இறங்கி, மெல்ல ஆடிக்கொண்டே துடிக்கின்றன. பிடரியில் பற்சக்கரங்கள் வெளியே தெரியச் சுழல, அகன்ற தோள்களோடு கறுப்பு உடையில் நடந்துவரும் காலம், நின்றுபோன ஒன்றை எடுத்து மூடி, இறந்தவர்களின் கடியாரங்கள் இருக்கும் கூடத்துக்குக் கொண்டுபோகிறான். வசனமே இல்லாவிட்டாலும் புரியும் இடம் இது. மரணத்தை ஒரு குழந்தைக்கு இதைவிட மென்மையாகக் காட்ட முடியாது என்றே நினைக்கிறேன். காலத்தின் வேலையாட்களாக வரும் நொடிகள் என்ற சின்னஞ்சிறு இயந்திர உருவங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிமிடங்களாகவும், நிமிடங்கள் சேர்ந்து ஒரு மணியாகவும் எழுந்து நிற்பதும் இதே வகையான கற்பனைதான். இவற்றை ஒன்றிரண்டு வாக்கியங்களில் இப்படி விவரித்துவிட்டால், "பிரமாதம்" என்ற சொல்லுக்குத் தேவையே வராது.

ஒவ்வொரு காட்சியிடமும் கேட்க வேண்டியது

நம்மில் பலர் செய்வது, காட்சியழகுக்கு ஒரு மதிப்பெண்ணும் கதைக்கு ஒரு மதிப்பெண்ணும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டிவிடுவது. அப்படிக் கூட்டுவதால்தான் இத்தகைய படங்களைப் பற்றிய கருத்துகள் எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்பது என் எண்ணம். நல்ல மாயாஜாலப் படத்தில் இவ்விரண்டும் பிரிந்து நிற்பதில்லை. எனவே ஒவ்வொரு பெரிய காட்சியிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். யார் எடுத்த முடிவால் இந்தக் காட்சி நிகழ்கிறது? இது முடிந்த பிறகு யாருடைய நிலைமை மாறியிருக்கிறது?

இந்தக் கேள்விகளுக்கு மிகச் சிறந்த விடை இதே படத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. 1874ஆம் ஆண்டு, மலாக்கா நீரிணை. ஆலிஸின் கப்பலைக் கடற்கொள்ளையர் துரத்துகிறார்கள். முன்னால் ஆழமில்லாத திட்டு. சரணடைவதே வழி என்று மாலுமிகள் நினைக்கும்போது, பாய்களை முழுக்க விரிக்கச் சொல்லிக் கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தத் திட்டின்மேல் வழுக்கிக்கொண்டு போகச் செய்கிறாள். காட்சி மிகப் பெரியது. ஆனால் அதன் ஒவ்வொரு கணமும் அவள் எடுத்த முடிவிலிருந்து பிறக்கிறது. காட்சி முடியும்போது, முடியாதது என்று எதையும் ஏற்காத பெண் இவள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்து லண்டன் விருந்தில், இறுக்கமான மேல்தட்டு உடைகளுக்கு நடுவே, சீனாவிலிருந்து கொண்டுவந்த பல வண்ண ஆடையில் அவள் நுழையும்போது, ஆட்வுட்டின் அந்த ஆடை ஒரு பக்க வசனம் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடுகிறது.

காலக் கடல் வழியாக அவள் பயணம் செய்யும் காட்சிகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடந்துபோன நாட்களெல்லாம் அலைகளில் அசையும் படங்களாகத் தெரிய, சுழலும் வளையங்களுக்கு நடுவே நின்று அவள் கோளத்தைச் செலுத்துகிறாள். கற்பனையாகப் பார்த்தால் இது கப்பல் காட்சியைவிடத் துணிச்சலானது. ஆனால் அங்கே அவள் எடுக்கும் முடிவு என்று எதுவும் இல்லை. ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளுக்குப் போய்ச் சேர்கிறாள், அவ்வளவுதான். முதல் முறை வாய்பிளந்து பார்க்கும் நாம் மூன்றாம் முறை எப்போது கரைசேருவாள் என்று காத்திருக்கத் தொடங்குகிறோம். சிவப்பு ராணியின் கோட்டையில் காய்கறிகளும் பழங்களும் சேர்ந்த உருவத்தோடு காவலர்கள் வருகிறார்களே, அவர்களும் பார்க்க வியப்பானவர்கள். அவர்களுக்குப் பதிலாக வேறு எந்த உருவத்தை வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது.

இப்படிக் கேட்டுக்கொண்டு போகும்போது, படத்தின் உண்மையான கதை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் சில சமயம் பிடிபடும். ஆலிஸிடம் இறந்துபோன தந்தையின் ஓடாத கடியாரம் ஒன்று இருக்கிறது. அப்பாவைக் காலம் திருடிக்கொண்டது என்று நம்பும் மகள் அவள். முடிவில் அந்தக் கடியாரத்தைக் காலத்திடமே ஒப்படைத்துவிட்டு வருகிறாள். கடியாரக் கூடத்தின் அழகு முழுவதும் இந்தத் துக்கத்துக்காகவே கட்டப்பட்டதுபோல் இருக்கிறது. தந்தையை இழந்த மகள், காலத்தின் முன்னால் நிற்கிறாள் என்ற கதையே ஒரு படத்துக்குப் போதும். திரைக்கதை அதைத் தொட்டுவிட்டு, தின்பண்டப் பொய்யையும் முடிசூட்டு விழாவையும் தேடிப் போய்விட்டது. இந்தப் படத்தின் மீது எனக்கு இருக்கும் உண்மையான ஆதங்கம் இதுதான். காட்சிக் கலைஞர்கள் கண்டுபிடித்த கதையை எழுத்து கவனிக்கவில்லை.

லாஜிக் குறை சொல்லும் முறை

மாயாஜாலப் படத்தில் லாஜிக் பார்க்கக் கூடாது என்று சிலர் சொல்வதுண்டு. பூனை காற்றில் கரைவதையோ பட்டாம்பூச்சி பேசுவதையோ கேள்வி கேட்கக் கூடாது என்ற பொருளில் அது சரி. ஆனால் படம் தானே வகுத்துக்கொண்ட விதிகளை அது மதிக்கிறதா என்று கேட்பதற்குப் பார்வையாளருக்கு முழு உரிமை உண்டு. கருத்து எழுதும்போது, படம் எந்த விதியைச் சொன்னது, எந்த இடத்தில் அது கதைக்கு உதவியது அல்லது குறுக்கே நின்றது என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

இந்தப் படத்தில் இரண்டு விதிகள் சொல்லப்படுகின்றன. கடந்த காலத்தை மாற்ற முடியாது, அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பது ஒன்று. ஒருவர் கடந்த காலத்தில் தன்னையே சந்தித்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்பது மற்றது. முதல் விதியைப் படம் நேர்மையாகக் காப்பாற்றுகிறது. சிறுமியான சிவப்பு ராணி கடியாரத்தில் மோதிவிடாமல் ஆலிஸ் தடுத்தும், அவள் வேறு விதமாக விழுந்து அடிபடத்தான் செய்கிறாள். அந்தக் கணம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்த விதியின் விளைவு என்ன? எந்த நாளுக்குப் போனாலும் நாயகியால் எதையும் வெல்லவோ இழக்கவோ முடியாது. தகவல் மட்டுமே கிடைக்கும். அந்தத் தகவலோ, தொப்பிக்காரரின் குடும்பம் சிற்றுருவாக்கப்பட்டுச் சிவப்பு ராணியின் கோட்டையில் ஓர் எறும்புக் கூண்டுக்குள் இத்தனை காலமும் அடைபட்டிருக்கிறது என்பது. அதாவது தேடிய பொருள் நிகழ்காலத்திலேயே இருந்தது. இத்தனை பெரிய பயணத்தின் பயன், ஆலிஸ் தொப்பிக்காரரிடம் "உங்களை நம்புகிறேன்" என்று சொல்வதுதான். நட்பில் நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதே படத்தின் கரு என்றால் அது மதிக்கத்தக்க கருதான். ஆனால் அவள் நம்பாமல் இருந்த நாட்களில் அந்த நட்பு பட்ட பாட்டைப் படம் போதுமான அளவு காட்டவில்லை.

இரண்டாவது விதிதான் உச்சக்காட்சியைக் கொண்டுவருகிறது. சிவப்பு ராணி தன் சிறுவயது உருவத்தைச் சந்திக்க, துருப்போன்ற ஒன்று பரவி அண்டர்லேண்டு முழுவதையும், அதன் மனிதர்களையும் அப்படியே உறையவைக்கிறது. ஓடும் உருவங்கள் ஓடும் நிலையிலேயே செம்பழுப்பாக இறுகிப்போவது மறக்க முடியாத காட்சி. கோளம் மீண்டும் தன் இடத்தில் சேர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. இழப்பே இல்லாத பேரழிவு மனத்தில் தங்காது என்பதை இந்த இடத்தைக் காட்டி எழுதலாம். "காதில் பூச்சுற்றுகிறார்கள்" என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ நியாயமான விமர்சனம்.

முதல் பாகத்தோடும் மூல நூலோடும் ஒப்பிடும்போது

இரண்டாம் பாகத்தைப் பற்றிய கருத்தில் ஒப்பீடு வராமல் இருக்காது. ஆனால் முதல் பாகத்தைப் பற்றி நம் நினைவில் இருப்பது பெரும்பாலும் முதன்முறை பார்த்த வியப்புதான், கதையல்ல. முடிந்தால் முதல் பாகத்தை மறுபடியும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதிலும் ஆலிஸ் ஜாபர்வாக்கியைக் கொல்வாள் என்பது ஒரு பழஞ்சுருளில் முன்கூட்டியே வரையப்பட்டிருந்தது. அவள் செய்ய வேண்டியிருந்தது அந்தச் சித்திரத்தை நிறைவேற்றுவது மட்டுமே. ஆக, நாயகி முடிவெடுக்க இடம் தராத குறை இரண்டாம் பாகத்தில் புதிதாக முளைத்ததல்ல. முதல் பாகத்தில் உலகம் புதிதாக இருந்ததால் நாம் அதைப் பொறுத்துக்கொண்டோம்.

நூலை வைத்து ஒப்பிடுவதில் இன்னும் கவனம் வேண்டும். லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் நூல் 1871இன் இறுதியில் வந்தது. அது முழுவதும் ஒரு சதுரங்க ஆட்டமாக அமைந்தது. சிப்பாயாகத் தொடங்கும் ஆலிஸ் கட்டம் கட்டமாக நகர்ந்து எட்டாவது கட்டத்தில் ராணியாகிறாள். படம் பெயரையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. "நூலில் இருப்பதுபோல் இல்லை" என்பது தன்னளவில் குறையாகாது. விட்டதற்கு ஈடாக என்ன வைத்தார்கள் என்பதே பேச வேண்டியது. ஓரிடத்தில் ஈடு நன்றாகவே அமைந்திருக்கிறது: 1865இல் வந்த முதல் நூலில், காலத்தோடு சண்டை போட்டுக்கொண்டதால் தொப்பிக்காரருக்கு எப்போதும் மாலை ஆறு மணியாகவே இருக்கும், தேநீர் விருந்து முடியவே முடியாது. படத்தில் காலமே அந்த மேசைக்கு வந்து அமர்கிறான். அவனைக் கிண்டல் செய்யும் தொப்பிக்காரரையும் அவர் தோழர்களையும், தேநீர் வேளைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே நிறுத்திவைத்துவிட்டுப் போகிறான். காலமாக வரும் சாஷா பேரன் கோஹனின் நடிப்பு, வசனம், காட்சி மூன்றும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. கரோலின் வேடிக்கையைப் புரிந்துகொண்ட இப்படிப்பட்ட கை படம் முழுவதும் இருந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வசூலும் மதிப்பெண்களும்

எண்களைக் கருத்துக்கு ஆதாரமாகக் காட்டுபவர்கள், அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு காட்ட வேண்டும். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் காணும் விழுக்காடு படத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. விமர்சகர்களில் எத்தனை பேர் படத்துக்குச் சாதகமாக எழுதினார்கள் என்ற பங்கு. இந்தப் படத்துக்கு அது மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை. அமெரிக்காவில் முதல் நாள் படம் பார்த்து வெளியே வருபவர்களிடம் கேட்டுச் சினிமாஸ்கோர் நிறுவனம் தரும் தரநிலையோ ஏ மைனஸ். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. முதல் நாளே வருபவர்கள் பெரும்பாலும் ஆலிஸையும் அந்த உலகத்தையும் ஏற்கெனவே விரும்புகிறவர்கள், பிள்ளைகளோடு வந்த குடும்பத்தினர். அவர்கள் எதைத் தேடி வந்தார்களோ அது அவர்களுக்குக் கிடைத்தது. விமர்சகர் தேடியது வேறு. உங்கள் கருத்து இவற்றில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைவிட, நீங்கள் எதைத் தேடிப் போனீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது படிப்பவருக்கு உதவும்.

வசூலை வைத்துக் கதையை எடைபோடுவதைத் தவிர்த்துவிடுங்கள். முதல் பாகம் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 11 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இரண்டாம் பாகம் முதல் மூன்று நாட்களில் 3 கோடியைக்கூடத் தொடவில்லை. இடையில் ஆறு ஆண்டுகள் ஓடியிருந்தன. 3டி படங்கள் புதுமையாக இருந்த காலம் போய்விட்டது. முதல் மூன்று நாட்களில் வராமல் போனவர்கள் கதையைப் பார்த்துவிட்டு வெறுத்தவர்கள் அல்லர், பார்க்கவே வராதவர்கள்.

எந்தத் திரையில், எந்த வடிவில் பார்த்தீர்கள் என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். 3டி கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது வெளிச்சம் குறையும் என்பதால், இருள் நிறைந்த கோட்டைக் காட்சிகள் ஒருவருக்கு மங்கலாகவும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தவருக்குப் பளிச்சென்றும் தெரிந்திருக்கலாம். நம் ஊர்த் திரையரங்குகளில் ஆங்கிலப் படங்களுக்கும் இடைவேளை விடுகிறார்கள்; படத்தை எடுத்தவர்கள் நினைத்தே பார்க்காத இடத்தில் கதை அறுபடும். படம் இழுக்கிறது என்று எழுதும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எழுதி முடிக்கும்போது

நீளம் பெரிதாக வேண்டாம். நான்கைந்து பத்திகள் போதும். கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் சொல்வதாக இருந்தால் முதலிலேயே எச்சரித்துவிடுங்கள். நான் இந்தப் படத்துக்கு எழுதினால், முக்கியமான பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கப்பலைச் சாய்த்துத் திட்டைக் கடக்கும் முதல் காட்சியிலேயே ஆலிஸ் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடும் இந்தப் படம், அவளைக் கடந்த காலத்துக்கு அனுப்பிய பிறகு வேடிக்கை பார்க்க மட்டுமே வைக்கிறது. உயிர்கள் கடியாரங்களாகத் தொங்கும் கூடத்துக்காகவும், சாஷா பேரன் கோஹனின் காலத்துக்காகவும், கொலீன் ஆட்வுட்டின் ஆடைகளுக்காகவும் ஒரு முறை பெரிய திரையில் பார்க்கலாம். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் கட்டாயம் ரசிப்பார்கள். மனநல விடுதிக் காட்சி சற்றே அச்சுறுத்தலாம். தொப்பிக்காரரின் குடும்பத்துக்கு என்ன ஆனது என்பதை அறியும் ஆவலோடு போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்."

பாராட்டும் குறையும் இந்தப் பத்தியில் தனித்தனியாக நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யாருக்கு இந்தப் படம் பிடிக்கும் என்பதைச் சொல்லும்போது, பிடிக்காதவர்கள் தேர்ந்தவர்கள் என்றோ பிடித்தவர்கள் அறியாதவர்கள் என்றோ தொனிக்கவிடக் கூடாது. அழகை மட்டும் பார்க்கப் படத்துக்குப் போவது குற்றமல்ல; இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு படத்தில் அது மட்டுமே போதும் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் எந்தக் காட்சி பிடித்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் தவறவிட்ட ஒன்றை அவர் பார்த்திருக்கக்கூடும். அப்சலத்துக்குக் குரல் கொடுத்த ஆலன் ரிக்மன் படம் வெளியாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, 2016 ஜனவரியில் காலமானார். படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே போனவர்களுக்கு வேறு எந்தக் குறையும் பெரிதாகத் தெரிந்திருக்காது. அவர்கள் எழுதும் கருத்தும் செல்லுபடியாகும் கருத்துதான்.

நட்சத்திரக் குறி கட்டாயம் என்றால், முதலில் பத்திகளை எழுதி முடித்துவிட்டு அதன்பின் குறியைப் போடுங்கள். முன்கூட்டியே எண்ணைப் போட்டுவிட்டால், அதற்கு ஏற்றபடி புகழையோ குறையையோ கூட்டத் தோன்றும். இந்தப் படத்துக்கு நான் ஐந்தில் இரண்டரை தருவேன். அந்த இரண்டரையில் பெரும்பகுதி கடியாரக் கூடத்துக்கும் தேநீர் மேசைக்கும் உரியது.